தள்ளுவண்டியில் வந்த குளிர்காலம்

சிங்கப்பூருக்குக் குளிர்காலத்தைக் கொண்டுவந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அதையும் அவர் தள்ளுவண்டியில் ஏற்றி, மரத்தூள் தூவி, கோணிச் சாக்கால் மூடி, சிராங்கூன் ரோடு வழியாகப் பட்டப்பகலில் கொண்டுவந்தார். ஒரு போலீஸ்காரர்கூடத் தடுக்கவில்லை. வண்டியில் இருப்பது வெறும் ஐஸ் கட்டி என்று நினைத்துவிட்டார்கள்.

அவர் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. காப்பிக் கடைகளுக்கு ஐஸ் கட்டி போடுகிறவர், ஆகவே ஐஸ்காரர். தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் தகரக் கூரை போட்ட லைன் வீடுகளில் கடைசி வீடு அவருடையது. அதற்கு முந்தினது என்னுடையது. அதாவது அவர் என்ன செய்தாலும் முதலில் பயம் பிடிப்பது எனக்குத்தான். எனக்குப் பயம் பிடிக்கப் பெரிய காரணம் வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் கணக்குக் கேட்பாரோ என்று பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மசாலா ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மெஷின் பெல்ட் அறுந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். ஐஸ்காரர் ஒரு நாள் மதியம் என் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினார். தீப்பிடித்துவிட்டது என்று நான் டிரங்குப் பெட்டியோடு வெளியே ஓடி வந்தேன்.

"எங்க தம்பி, பெட்டியோட கிளம்பிட்ட? இதப் படிச்சுச் சொல்லு."

கையில் காகித உறை. அதன்மேல் ஊதாவும் ரோஜா நிறமுமாகப் பூப்படம். ஐஸ் வாங்கும் வெள்ளைக்கார வீட்டம்மா ஊருக்குத் திரும்புகிறபோது கொடுத்துவிட்டுப் போன விதையாம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மிளகாய் மூட்டையில் அச்சடித்திருப்பதோடு சரி. எதிர்வீட்டு யாழ்ப்பாணத்துக் கிராணியாரிடம் போனோம். துறைமுக ஆபீசில் எழுதுகிறவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

"ஐசே, இதை வசந்த காலத்தில விதைக்கவேணும் எண்டு போட்டிருக்கு."

"வசந்தம் இங்க எப்பங்க வரும்?"

"இஞ்ச எங்க வாறது? குளிர்காலம் முடிஞ்சாப் பிறகு வாறதுதான் வசந்தம். குளிரே இல்லாத ஊரில வசந்தத்துக்கு எங்க போறது?"

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு உறையைக் குப்பையில் போட்டிருப்பார்கள். ஐஸ்காரர் மட்டும் முகம் மலர்ந்தார்.

"அவ்வளவுதானா? குளிர்தானே வேணும்? அதுதானே நம்ம யாவாரம்!"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் இப்படிப் பறந்ததற்குக் காரணம் பூ அல்ல, பெண்டாட்டி. ஊருக்குப் போனபோது குன்னூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். தை கழிந்து வருகிற கப்பலில் அவள் வருகிறாள். வருமுன்பே சொல்லியும் அனுப்பிவிட்டாள்: "ஊர் புடிச்சா இருப்பேன், புடிக்கலேன்னா அதே கப்பல்ல திரும்பிடுவேன்."

மலையில் பிறந்தவள் இந்தப் புழுக்கத்தில் ஒரு வாரம் தாங்கமாட்டாள் என்று அவராக முடிவு கட்டிவிட்டார். கப்பலை விட்டு இறங்கி வாசலுக்கு வந்ததும் குளிர்தேசத்துப் பூ கண்ணில் பட வேண்டும். பட்டால் இருப்பாள். படாவிட்டால் போய்விடுவாள்.

"போயிட்டா நான் இங்க ஏன் இருக்கேன்? நானும் அந்தக் கப்பல்லயே ஏறிடுவேன் தம்பி."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

முதலில் மண். பின்பக்கம் இருந்த கட்டாந்தரையைக் கொத்தினார். கொத்தின மண்ணைச் சல்லடையில் சலித்தார். சலித்ததை மறுபடி கொத்தினார். காப்பிக் கடைகளில் ஐஸை இறக்கிவிட்டு, வடிகட்டிய காப்பிச் சக்கையை வாளி வாளியாக அள்ளி வந்தார். மார்க்கெட்டிலிருந்து இறால் ஓடு, மாட்டுக்கொட்டகையிலிருந்து சாணம். இவை மூன்றும் மழையில் ஊறிக் கிளப்பிய வாசனையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கரிக்கிறது. இதில் காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

"அண்ணே! காலரா வந்துடும்!"

"சும்மா இரு தம்பி. நேத்து புளிச்சுது, இன்னைக்குக் கொஞ்சம் பரவால்ல."

மழை கொட்டினால் கரை உடைந்து பாத்தி ஓடிவிடும். அவர் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் வானம் இருட்டினால் ஆலையில் எனக்கு இருப்புக்கொள்ளாது. மிளகாய்த்தூள் மூஞ்சியோடு ஓடி வந்து பாத்தியின்மேல் குடை பிடிப்பேன். முதலாளி திட்டுவார். திட்டட்டும். ஒரு ஆள் ஊரை விட்டுப் போவதா, நான் திட்டு வாங்குவதா?

மழை விட்டது. தை பிறந்தது. குளிர்காலம் தொடங்கியது.

வியாபாரம் முடிந்து மிஞ்சிய ஐஸ் கட்டிகளைக் கொண்டுவந்து பாத்தி நெடுக அடுக்கினார். மேலே மரத்தூள், அதற்கு மேலே சாக்கு. தினமும் உருகும், தினமும் அடுக்குவார். மண்ணை ஏமாற்றுகிறாராம். "பனி பெஞ்சிருக்குன்னு அது நெனைக்கணும் தம்பி. அப்புறம் சாக்கை எடுத்தோம்னா, ஆகா வசந்தம் வந்துடுச்சுன்னு மண்ணு தானா முழிச்சுக்கும்."

மண் என்ன நினைத்ததோ தெரியாது, லைன் வீட்டுக்காரர்கள் நினைத்தது வேறு. அந்தக் காலத்தில் எங்களில் எவர் வீட்டில் ஐஸ் பெட்டி இருந்தது? இரண்டாம் நாளே சாக்குக்கு அடியில் ஒரு சோடா போத்தல் இருந்தது. மறுநாள் ஒரு கூடை மீன். கிராணியார், கௌரவமானவர், யாரும் பார்க்காத நேரத்தில் வெண்ணெய் டின்னைக் கொண்டுவந்து புதைத்துவிட்டுப் போனார். பக்கத்து வரிசைச் சீனக் கிழவி ஆ சிம்மின் வாத்துகள் வந்து படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தன.

"குளிர்காலத்தை மிதிக்காதீங்கய்யா!" என்று ஐஸ்காரர் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடுவார். வாத்து ஒரு பக்கம், போத்தல் ஒரு பக்கம் பறக்கும். ஆ சிம் இடுப்பில் கை வைத்து நின்று, "கீலா! கீலா!" என்று நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றுவாள். மலாயில் பைத்தியம் என்று அர்த்தம். அவளுக்கும் அவருக்கும் பொதுவாகத் தெரிந்த பாஷை அதுதான்.

"வசந்தம் வரட்டும், அப்ப தெரியும் யாரு கீலான்னு!"

தை முடிகிற சமயம் ஐஸை விலக்கி, விதையைத் தூவி, மறுபடி சாக்கை மூடினார். சத்தியமாகச் சொல்கிறேன், முளைத்தது! சாக்கின் ஓரத்தைத் தூக்கி லைன் முழுக்கக் கூடி நின்று பார்த்தோம். நூல் மாதிரி பச்சை. கிராணியார் கையெடுத்துக் கும்பிட்டார். ஐஸ்காரர் சாக்கை உருவி, "முழிச்சுக்கோ" என்றார் மண்ணிடம். பங்குனி மாதிரி காய்ந்தது அன்றைய வெயில். மதியத்துக்குள் அத்தனை முளையும் தலை சாய்ந்து, பொரித்த அப்பளத்தின் ஓரம் மாதிரி சுருண்டுவிட்டது.

பூக்க நாளாகும், முளையையாவது காட்டலாம் என்றிருந்தார்; அதுவும் போயிற்று. மறுநாள் கப்பல்.

கூடிக் கூடிப் பேசினோம். பூக்கடையில் பூ வாங்கிக் குச்சியில் கட்டி நட்டுவிடலாம் என்றேன் நான். கிராணியார் ஆர்க்கிட் தொட்டி இரவல் வாங்கித் தருவதாகச் சொன்னார். ஐஸ்காரர் காதில் எதுவும் ஏறவில்லை.

"அவகிட்ட முதல் நாளே பொய்ப்பூ காட்டச் சொல்றீங்களா? பூ இல்லாட்டிப் போவுது. குளிராச்சும் இருக்கட்டும்."

விடிந்ததும் முழுதாக ஒரு வண்டி ஐஸ் இறக்கினார். பாத்தி மறைய அடுக்கிவிட்டு, "பத்திரம் தம்பி" என்று தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு ஓடினார். குளிர்காலம் என் பொறுப்பு. வெயில் ஏறியது. குடையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் நிழல் கொடுத்த இடம் போக மற்ற இடமெல்லாம் உருகியது. கப்பல் தாமதமோ? இறங்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாளோ? கடைசியில் தலையணை அளவுக்கு ஒரே கட்டி மிஞ்சியபோது டாக்சி வந்து நின்றது.

இறங்கினாள். ஒல்லியான பெண், ஆனால் பார்வை மட்டும் கங்காணிப் பார்வை. ஐஸ்காரர் அவளை நேரே பின்பக்கம் கூட்டிக்கொண்டு வந்தார். சேற்றுக்கு நடுவே ஒரு ஐஸ் கட்டி. அதற்குக் குடை பிடித்தபடி, மசாலா அப்பிய ஆலைச் சட்டையில் மஞ்சளும் சிவப்புமாக நான்.

"என்ன இது?"

"குளிர்காலம்," என்றார் ஐஸ்காரர். "உனக்காக."

அவள் குனிந்து கட்டியைத் தொட்டாள். சுட்டதுபோல் கையை உதறினாள்.

"ஐயோ, இந்தச் சனியனா! இதுக்குப் பயந்துதான்யா நான் கடல் தாண்டி வந்தேன்! வெரலெல்லாம் வெடிச்சு, வருசத்துல பாதி நாள் இருமிக்கிட்டு... வேர்த்துச் சாகணும்னு ஆசையா வந்தா, இங்கயும் வந்து நிக்குதா?"

ஐஸ்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கப்பல் இன்னும் துறைமுகத்தில்தான் நிற்கிறது என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

அவள் அவரைப் பார்த்தாள். ஐஸைப் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்தியில் கையை விட்டு ஒரு பிடி மண்ணை அள்ளினாள். காப்பிச் சக்கை, இறால் ஓடு, சாணம் எல்லாம் மக்கி, புட்டு மாவு மாதிரி உதிர்ந்தது.

"மண்ணு யார் கொத்தினது?"

"நான்தான்."

"இப்படிக் கொத்தி வச்சுட்டு பனிக்கட்டியவா நடுவாங்க? உடைச்சு எல்லாருக்கும் சர்பத்து போடுங்க. இந்த ஊர்ல சும்மா வளர்றது என்ன?"

மலாயும் சைகையுமாக விஷயம் ஆ சிம்முக்குப் போயிற்று. அவள் ஒரு கட்டு கங்கோங் தண்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். சாக்கடை ஓரத்தில்கூட வளர்கிற கீரை! ஐஸ்காரருக்கு மானமே போயிற்று. "எம் பாத்தியிலயா?" என்றார். "ஓரமா நில்லுங்க," என்றாள் அவள். நின்றார்.

கப்பல் அவளில்லாமல் போயிற்று. கங்கோங் கிளம்பியது பாருங்கள், அப்படி ஒரு கிளம்பல்! லைன் முழுக்கத் தின்று மாளவில்லை. வாத்துகளும் தின்றன. ஆனாலும் ஒவ்வொரு தையிலும் பாத்தியின் ஒரு மூலையை மட்டும் கொத்தி, சலித்து, ஒரு துண்டு ஐஸை வைத்து, அவள் பார்க்காத நேரத்தில் சாக்கால் மூடுவார் ஐஸ்காரர். அவள் பார்ப்பாள். பார்க்காத மாதிரி போய்விடுவாள்.

பிறகு தகரக் கூரைகளைப் பிரித்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் அடுக்குமாடிக்குப் போனோம். எனக்கு லிப்ட் நின்றுவிடுமோ, தண்ணீர் நின்றுவிடுமோ என்று ஆயிரம் கவலை. அதோடு வருடா வருடம் தை பிறக்கும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: அவர் எந்த மாடியில் இருக்கிறாரோ, கொத்துவதற்கு ஒரு சாண் மண்ணாவது கிடைத்திருக்குமோ?