டொப் என்று கேட்ட பாலம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் பாலத்தைத் தவிர. முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து படி.

விரிசல் கண்ட பழைய பாலத்தின் உத்தரங்களுக்கு அடியில் நீ கார்பன் இழைத் துணியைப் பசை போட்டு ஒட்டினாயே, அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "என் மச்சான் செஞ்ச வேலை, வேற ஆளை அனுப்புங்க" என்று அதிகாரியிடம் மன்றாடினேன். "உங்க காதை விட்டா இந்த ஆபீஸ்ல வேற காது ஏது?" என்று என் உச்சியைக் குளிரவைத்து அனுப்பிவிட்டார். இது உன் முதல் பாலம், இது தேறாவிட்டால் அடுத்த பாலம் உனக்குக் கனவிலும் கிடைக்காது என்பது எனக்குத் தெரியாதா?

மேலே லாரிகள் போட்ட இரைச்சலில் மண்டை பிளந்தது. அதற்குத் தக்க ஏற்பாடு செய்துகொண்டு, சுத்தியலோடு ஏணியில் ஏறினேன். துணி கான்கிரீட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தால் 'டிங்' என்று கணீரென்று கேட்கும், உள்ளே காற்று புகுந்திருந்தால் 'டொப்'. உனக்குத் தெரியாததல்ல. தட்டினேன். டொப். தள்ளித் தட்டினேன். டொப். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை டொப்போ டொப், அட கஷ்டகாலமே, ஒரு டிங்காவது கேட்காதா என்று அலைந்தேன் மச்சான்! கூட வந்த பொறியாளர் பெண் வெப்பக் கேமராவைக் காட்டி, குறை ஒன்றும் தெரியவில்லை என்று கையை ஆட்டினாள். "கேமராவுக்குக் காது இருக்காம்மா?" என்று ஒரே போடாகப் போட்டேன். பதிலுக்கு ஏதோ முனகினாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்.

விஷயத்தைச் சொல்ல அதிகாரி வீட்டுக்குப் போனால், அவரும் சன்னமாகத்தான் பேசினார், நம்மேல் அவ்வளவு மரியாதை. புதிதாகக் கட்டிய குளியலறையைக் காட்டினார். கை சும்மா இருக்குமா, டைல்ஸைத் தட்டினேன். அத்தனையும் டொப். "பூரா பேத்துடுங்க சார்" என்றேன், பேர்த்துவிட்டார். வழியில் தர்பூசணிக் கடையிலும் ஒரு பழம் தேறவில்லை, கடைக்காரர் என்னை விரட்டிவிட்டார். ஊரே உள்ளுக்குள் பொள்ளலாகிப் போச்சுடா மச்சான்!

உன் வேலை தேறவில்லை என்று சொன்னதிலிருந்து உன் அக்கா பேசுவதில்லை. வாய் அசைகிறது, குரலைக் காணோம். என் காதைக் காட்டிக் காட்டிக் கையை வீசுகிறாள். நீயும் உன் காதும் என்று திட்டுகிறாள் போலிருக்கிறது. என்ன செய்ய? ஒட்டியது முழுவதையும் உரித்தெடுக்கச் சொல்லி நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். மனசே கேக்கல. என் தோள்மேல ஏறி விளையாண்ட பய நீ. ஆனா நாளைக்கு அந்தப் பாலத்து மேல போறது நாலு பேர் உயிரு.

உனக்கும் உன் மனைவிக்கும் என் ஆசிகள். குட்டிப் பாப்பாவுக்கு மாமாவின் முத்தம். என்னை மனதுக்குள்ளாவது திட்டாமல் இரு.

இப்படிக்கு,
கடமையில் சிக்கிய உன் அத்தான்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். நேற்று உன் அக்கா என் தலையைப் பிடித்துச் சாய்த்து, இடுக்கியால் இரண்டு காதிலிருந்தும் பஞ்சை உருவினாள். லாரி இரைச்சலுக்காக நான் வைத்துக்கொண்டு மறந்ததே, அந்தப் பஞ்சு. "அன்னையிலேருந்து தொண்டை கிழியக் கத்துறேன், பஞ்சை எடுங்கன்னு!" காலையில் ஓடிப்போய் மறுபடி தட்டினேன். டிங், டிங், டிங்! ஏணியிலேயே அழுதுவிட்டேன் மச்சான். கடைசி உத்தரத்தின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் நிஜமான டொப். அதைச் சரிசெய்யாமல் விடமாட்டேன், மற்றதெல்லாம் பாஸ். வரும்போது நல்ல டைல்ஸ் கொத்தனாராகக் கூட்டிக்கொண்டு வா, அதிகாரி பக்கத்து வீட்டில் குளிக்கிறார்.

உன் அக்கா மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டாள். அதிலிருந்து பேச்சு இல்லை. காதை இரண்டு தடவை துழாவிப் பார்த்துவிட்டேன், சுத்தமாகத்தான் இருக்கிறது.