செலீன் கடன்பட்டு நல்ல மனுசியான விதம்

கொட்டாஞ்சேனையில கேக் அடிக்கிற செலீனுக்கு உலகத்தில ஒருத்தரிட்டயும் ஒரு சதம் கடனில்லை. ஒரு மனுசி இவ்வளவு பாரதூரமான நிலைமைக்கு எப்பிடி வந்து சேர்ந்தா எண்டதை முதல்ல சொல்லிப்போட வேணும்.

கேக் கொண்டுபோறதுக்கெண்டு லீசிங்கில ஒரு குட்டி வேன் எடுத்தவ. எடுத்துக் கொஞ்ச நாளிலயே பெற்றோல் இல்லாமப் போச்சு. பிறகு காஸ் இல்ல, கரண்ட் இல்ல, மா இல்ல. நாடே பட்ட கடனைக் கட்ட ஏலாதெண்டு கையை விரிச்ச காலம் அது. நாடு கையை விரிச்சா அதுக்குப் பேர் மறுசீரமைப்பு. கோட்டுப் போட்ட ஆக்கள் பிளேனில வந்து கைகுலுக்கிப்போட்டுப் போவினம். செலீன் ஆறு மாசம் கையை விரிச்சா. ரெண்டு தடியன்மார் வந்து வேனைத் தூக்கிக்கொண்டு போனாங்கள். மிச்சக் காசைத் தண்டத்தோட சேர்த்து, காப்பை வித்து, நாலு நத்தாருக்கு நித்திரை முழிச்சுக் கேக் அடிச்சுக் கட்டி முடிச்சா. முடிச்ச அண்டைக்கு அந்தோனியார் கோயிலுக்குப் போய் ஒரு பெரிய மெழுகுதிரியும் கொளுத்தினவ. அந்த மெழுகுதிரிதான் வீண்செலவெண்டு பிறகுதான் விளங்கிச்சுது.

வெள்ளவத்தையில ஒரு புதுக் கலியாண ஹோல் திறந்திருந்தாங்கள். வாற ஆக்களுக்கெல்லாம் சின்னப் பெட்டியில ஒரு கேக் துண்டு குடுக்க வேணும். ஒரு கலியாணத்துக்கே அறுநூறு பெட்டி. அந்த ஓடர் கிடைச்சா செலீனுக்கு இனி வீடு வீடா அலையிற வேலையில்ல. பெரிய ஓவன் வாங்கக் கையில நாலு லட்சமும் சேர்த்து வைச்சிருந்தா. சாம்பிளைக் கட்டிக்கொண்டு போய் ஹோல் முதலாளி இராஜநாயகத்துக்கு முன்னால வைச்சா.

"கேக் நல்லாத்தான் இருக்கு," எண்டார் அவர், மூண்டாவது துண்டையும் வாயில போட்டபடி. "உங்கட ஸ்கோர் எத்தினை?"

"கேக் அடிக்கிறதுக்கு என்னத்துக்கு அண்ணை ஸ்கோர்?"

"என்ன தங்கச்சி நீங்கள். கடன் ஸ்கோர் அறுநூறுக்குக் கீழ உள்ள ஆக்களோட நாங்கள் கொடுக்கல் வாங்கல் வைக்கிறதில்ல. ஸ்டாண்டர்ட் எண்டொண்டு இருக்கெல்லே."

அந்த வருசம் அதுதான் நாகரிகம். காலி வீதியில சந்திக்கிற சனம் சொந்த ஊர் எதெண்டு கேக்கிறதை விட்டிட்டு ஸ்கோர் எத்தினை எண்டு கேக்கத் தொடங்கியிருந்திச்சுது. கலியாணப் பேச்சில சாதகக் குறிப்போட ஸ்கோரையும் ஒட்டி அனுப்பினாங்கள். பாமன்கடையில ஒரு ரியூசன் மாஸ்டர் ஸ்கோர் கூட்டிறதுக்கெண்டே சனி ஞாயிறு கிளாஸ் வைச்சார். போன வருச வினாத்தாளுக்கு விடையும் உண்டாம்.

இந்த ஸ்கோரைப் போடுறது கடன் ஒழுக்க மதிப்பீட்டுப் பணியகம். சனம் சுருக்கி ஒழுக்கக் கந்தோர் எண்டு சொல்லும். செலீன்ர ஒழுக்கம் இருநூற்றி நாப்பத்தெட்டு.

ஸ்கோரைக் கூட்ட வழி கேட்டு செலீன் பேங்குக்குப் போனா. அங்க 'கடன் நல ஆலோசகர்' எண்டு பலகை வைச்ச மேசையில டில்ஷானி எண்ட பிள்ளை இருந்திச்சுது.

"இப்ப உங்களுக்கு என்னென்ன கடன் இருக்கு அக்கா?"

"ஒண்டுமில்ல மிஸ். எல்லாம் கட்டியாச்சு," எண்டு நெஞ்சை நிமித்திச் சொன்னா செலீன்.

எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பாக்கிற டொக்டர் மாதிரி டில்ஷானியின்ர முகம் விழுந்துபோச்சு. "அதுதான் பிரச்சினை. கடனே இல்லாத ஆள் கடனைக் கட்டுவாவெண்டு நாங்க எப்பிடி நம்புறது?"

"கட்டினபடியாத்தானே மிஸ் இல்ல."

"கட்டினது பழைய கதை அக்கா. பிந்தினது மட்டும்தான் சிஸ்டத்தில நிக்கும். நீங்க திரும்பக் கடன் எடுக்க வேணும்."

"சரி, தாங்க."

"தர ஏலாது. உங்கட ஸ்கோர் காணாது."

செலீன் எழும்பி வெளிக்கிடப் பாத்தா. டில்ஷானி மனமிரங்கி, "கையில ஏதும் காசு வைச்சிருக்கிறீங்களா?" எண்டு கேட்டுது. நாலு லட்சம் எண்டதும் அந்தப் பிள்ளையின்ர முகத்தில ஒரு வெளிச்சம். "அதை எங்களிட்ட டிபோசிட் பண்ணுங்க. பண்ணினா அதுக்கு மேல உங்களுக்கு நாலு லட்சம் கடன் தருவம்."

"என்ர காசை?"

"ஓம்."

"எனக்கே?"

"ஓம். வட்டி மட்டும் எங்களுக்கு."

"என்ர காசை நானே கொண்டுபோய்க் குடுத்து ஓவனை வாங்கினா என்ன மிஸ்?"

"அது செலவு அக்கா. இது ஒழுக்கம்."

செலீன் ஒழுக்கமா ஓவன் வாங்கினா. முதல் தவணையை வாயைக் கட்டி வயித்தைக் கட்டிப் பத்து நாளுக்கு முந்தியே கொண்டு ஓடினா. டில்ஷானி காசைத் தொடவே பயந்துது. "இப்பிடி அவசரப்படக் கூடாது. முந்திக் கட்டினா நீங்க கடன்பட்டதே சிஸ்டத்துக்குத் தெரியாமப் போயிடும். வீட்ட போய் இன்னும் கொஞ்ச நாள் கடன்பட்டு இருந்திட்டு வாங்க."

பிறகு, ஒரே மாதிரிக் கடன் மட்டும் வைச்சிருந்தா பலன் குறைவாம். சாப்பாடு மாதிரித்தானாம், பலவகையும் சேர வேணுமாம். அதால செலீன் கதவில ஐஸ் கொட்டுற பிரிட்ஜ் ஒண்டு தவணைக்கு எடுத்தா. வேண்டாத போன் ஒண்டு எடுத்தா. வீட்டுக்குள்ள நிண்டபடி ஓடுற மெசின் ஒண்டும் எடுத்தா. ஓடுறதுக்கு வீட்டில இடமில்ல. அதுக்கு மேல கேக் தட்டு அடுக்கினவ. இப்ப எத்தினையெண்டு ஒழுக்கக் கந்தோரில கேட்டதுக்கு ஸ்கோரில அஞ்சு குறைச்சாங்கள். ஏன் குறைச்சதெண்டு கேட்டா. அதுக்கு இன்னொரு அஞ்சு.

அடுத்த கார்த்திகையில ஸ்கோர் அறுநூற்றிப் பன்ரெண்டு. டில்ஷானி எழும்பி நிண்டு கைகுடுத்துது. "உங்கள நினைக்கப் பெருமையா இருக்கு அக்கா. இப்ப உங்களுக்கு நாலு கடன்."

இராஜநாயகமும் உடன கொன்ட்ராக்ட்டை நீட்டினார். செலீன் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளி அறுநூறு பெட்டி அடிச்சு ஏத்தினா. முட்டை முழுக்க எடுக்கிறது சந்தையில இருக்கிற பஸீர் நானாவிட்ட. அவர் கையெழுத்தும் கேக்கிறதில்ல, ஸ்கோரும் கேக்கிறதில்ல. "எடுங்க மகள், சல்லி வாறப்ப தாங்க" எண்டு தட்டுத் தட்டாத் தூக்கிக் குடுக்கிற மனுசன். அவ்வளவு பிற்போக்கு.

மாசம் முடிய செலீன் காசுக்குப் போனா.

"நூற்றியிருபது நாள் தங்கச்சி," எண்டார் இராஜநாயகம். "கொன்ட்ராக்ட்டில கிடக்கு."

"எனக்குத் தவணை மாசா மாசம் அண்ணை."

"எங்களுக்கும்தானே. இந்த ஹோல் கடன், ஏசி கடன், நீங்கள் இருக்கிற கதிரை கடன், மேல தொங்கிற லைட்டும் கடன். பேங்குக்கு ஒரு நாள் பிந்தினது கிடையாது. எங்கட ஸ்கோர் எழுநூற்றித் தொண்ணூறு, தெரியுமோ?"

"அப்ப ஆருக்கு அண்ணை பிந்துறீங்க?"

"உங்கள மாதிரி ஆக்களுக்குத்தான்," எண்டார் அவர், ஒளிவுமறைவில்லாம. "அது ஸ்கோரில வராதெல்லே."

செலீன் மேடையைப் பாத்தா. ஏழு தட்டுக் கேக் ஒண்டு வானத்தை இடிச்சுக்கொண்டு நிண்டுது. உள்ளுக்கு முழுக்க ரெஜிபோம், டீவிப் பெட்டிக்குள்ள வாற வெள்ளை அட்டை. மாப்பிள்ளை பொம்பிளை கத்தி வைக்கிற இடத்தில மட்டும் ஒரு துண்டு, அது செலீன் அடிச்சது.

மூண்டாம் மாசம் ஓடுற மெசினுக்குத் தவணை கட்டக் காசில்ல. ஒரு கிழமை பிந்தினா. ஸ்கோர் ஐந்நூற்றி எண்பத்தேழு. அடுத்த நாள் விடியவே இராஜநாயகத்தின்ர போன் கோல்.

"மனவருத்தத்தோட சொல்லுறன் தங்கச்சி. இனி உங்களுக்கு ஓடர் தர ஏலாது."

"நீங்க காசு தராததாலதானே அண்ணை இறங்கினது?"

"காரணம் எல்லாருக்கும் ஒவ்வொண்டு இருக்கும். நாங்கள் நம்பரைத்தான் பாப்பம்."

"சரி. இவ்வளவு நாளும் அடிச்ச கேக்குக்குக் காசைத் தாங்க."

"அதிலதான் ஒரு சிக்கல். அறுநூறுக்குக் கீழ உள்ள ஆக்களோட கொடுக்கல் வாங்கல் இல்லையெண்டது எங்கட கொள்கை. வாங்கல் முடிஞ்சுது. கொடுக்கல்தான் மிச்சம், அதை நிப்பாட்டி வைச்சிருக்கிறம்."

"என்ர காசைத் தர என்ர ஸ்கோர் என்னத்துக்கு?"

"ஒழுங்கில்லாத ஆக்களிட்டக் காசைக் குடுத்தா நாளைக்கு எங்கட பேர் என்னாகும், சொல்லுங்கோ?"

காசு வரேல்ல. அடுத்த மாசம் ஓவன் தவணையும் பிந்திச்சுது. பேங்குக்காரர் டிபோசிட்டைப் பிடிச்சுக் கடனைக் கழிச்சாங்கள். டில்ஷானி கூப்பிட்டு ஆறுதல் சொல்லிச்சுது. "நல்ல செய்தியும் ஒண்டு இருக்கு அக்கா. அந்தப் பெரிய கடன் இப்ப உங்களுக்கு இல்ல."

"அப்ப ஸ்கோர் கூடியிருக்குமே?"

"குறைஞ்சிருக்கு. பெரிய கடன் இல்லைத்தானே. இருநூற்றிப் பத்து."

செலீன் பொடி நடையா வீட்ட வந்து சேர, வாசல்ல பஸீர் நானா. மூண்டு மாச முட்டைக் காசு. மனுசன் கேக்கக் கூச்சப்பட்டு முதல்ல மழையைப் பத்திக் கதைச்சார். பிறகு மெதுவா, "மகள், அந்தச் சல்லியில கொஞ்சம் தந்தீங்கண்டா நல்லம். கோழிப் பண்ணக்காரன் வந்து நிக்கிறான்," எண்டார்.

வாற கிழமை தாறன் நானா எண்டு சொல்லத்தான் செலீன் வாயைத் திறந்தா.

"நானா, உங்கட ஸ்கோர் எத்தினை?"

"என்னத்த ஸ்கோர்? நான் ஒத்தருக்கும் கடனில்லயே."

"ஒருத்தருக்குமே இல்லையா?"

"அல்லாஹ் காவல், ஒரு சதம் இல்ல."

செலீன் கவலையோட தலையாட்டினா. நானாவைக் கூப்பிட்டுக் கதிரையில இருத்தி, பிளேன்டீயும் ஒரு துண்டு கேக்கும் குடுத்து, விசயத்தை ஆறுதலா விளங்கப்படுத்தினா. காசு குடுக்கிறதில அவவுக்கு ஒரு மறுப்புமில்ல. ஆனா ஸ்கோரே இல்லாத ஆளிட்டக் காசைக் குடுக்கிறது இந்தக் காலத்தில சரியான முறையில்ல. ஆருக்கெண்டாலும் ஒரு ஸ்டாண்டர்ட் வேணும். சொல்லச் சொல்ல செலீன்ர குரலுக்கு ஒரு நிமிர்வு வந்துது. இவ்வளவு நாளும் காசு குடுக்க ஏலாமத் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டவவுக்கு, குடுக்காம இருக்கிறதிலயும் ஒரு மரியாதை இருக்கெண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது.

பஸீர் நானா கடிச்ச கேக்கைத் திரும்பத் தட்டில வைச்சார். முப்பது வருசம் முட்டை வித்தும் இந்த விசயம் தெரியாம இருந்திட்டமே எண்டு அவருக்கு வெக்கமாப் போச்சு.

"நான் படிக்காத மனிசன் மகள். இதுக்கு எந்த பேங்குக்குப் போகணும் செல்லுங்க."

"டில்ஷானி எண்டு ஒரு பிள்ளை இருக்கு, தங்கமான பிள்ளை," எண்டா செலீன். "போகேக்க கையில இருக்கிற சல்லி முழுக்கக் கொண்டு போங்க நானா. இல்லாட்டிக் கடன் தர மாட்டினம்."