குவைத்துக்குப் போகாத குவைத்து

நாட்டைக் காப்பாற்றியே தீருவேன் என்று ஒருவன் கிளம்பினால், முதலில் அவனிடமிருந்து காப்பாற்றப்பட வேண்டியது அவன் வீட்டு மாடுதான். அனுபவத்தில் சொல்கிறேன். இருபத்து மூன்று வயதில், இந்திய தேசத்தின் எரிபொருள் பாதுகாப்பை ஏறக்குறைய ஒரு மாத காலம் நான் தனி ஆளாகக் கவனித்துக்கொண்டேன். (இந்தியாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் உடனே வேறு ஏற்பாடு செய்திருக்கும்.)

அப்போது எம்.ஏ. அரசியல் விஞ்ஞானம் முடித்துவிட்டு, எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வேளாங்கண்ணிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் குசலம் விசாரித்துவிட்டுக் கடைசியாக வந்து சேரும் கடைமடை எங்கள் ஊர். ஆனால் உலகச் செய்தி மட்டும் முதல் பஸ்ஸிலேயே சாமிநாதன் டீக்கடைக்கு வந்துவிடும். இரண்டு கட்சிக் கொடிக் கம்பங்களுக்கும் நடுவில் கடை. ஆட்சி மாறும்போதெல்லாம் சாமிநாதன் பெஞ்சை மட்டும் நான்கு அடி நகர்த்திப் போடுவார். அந்த பெஞ்சில் உட்கார்ந்து, பேப்பரை உரக்கப் படித்து, வல்லரசுகள் செய்யும் தவறுகளைத் திருத்துவது என் வேலை. சம்பளம் கிடையாது. கேட்க ஆளும் கிடையாது.

ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்த செய்தி வந்த அன்று நான் பெஞ்சின் மேல் ஏறியே நின்றுவிட்டேன்.

"அண்ணே, எழுதி வெச்சுக்குங்க. இன்னும் ஒரு மாசத்துல நம்ம ஊர்ல டீசல் கெடைக்காது!"

சாமிநாதன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அதுக்குள்ள ஒனக்கு வேலை கெடைச்சுடுமா தம்பி?"

மேதைகளுக்கு இப்படித்தான் நடக்கும் என்று தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குவைத்துச் செய்தியை அப்பாவிடம் சொன்னேன். அப்பா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"குவைத்துல எவன் பூந்தா நமக்கென்னடா? வாய்க்கால்ல தண்ணி பூந்துச்சான்னு பாத்துட்டு வந்தியா?"

அப்பாவின் கவலை வேறு. நாங்கள் சாகுபடி செய்துவந்த மூன்று ஏக்கரும் குத்தகை நிலம். சொந்தக்காரர் தஞ்சாவூரில் பங்களாவில் இருந்தார். ஊரில் அவருடைய ராஜ்யத்தை நடத்தியவர் காரியஸ்தர் கோதண்டம். முப்பது வருஷம் உழுதும் 'இன்னார் சாகுபடி செய்கிறார்' என்று எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ரசீது கேட்டால் கோதண்டம், "என்ன நடேசா, நமக்குள்ள காகிதமா?" என்று அன்பாகச் சிரிப்பார். குத்தகைதாரரைக் காப்பாற்றச் சட்டம் இருந்தது. அதில் பதிவு செய்துகொள்ளத் தாலுகா ஆபீஸுக்குப் போனால், "ஆதாரம் எங்கே?" என்று கேட்டார்கள். இதற்கிடையில் கோதண்டம் ஊரில் சொல்லி வைத்திருந்தார்: "ஒரே ஒரு போகம் அந்த நிலம் தரிசு விழட்டும். அப்புறம் நடேசன் வரப்புல கூட நிக்க முடியாது."

அந்த வருஷம் பார்த்து ஆற்றில் முறைத் தண்ணீர் பிந்தியது. சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று. ஆற்றுப் பள்ளத்தில் தேங்கிக் கிடந்த தண்ணீரை எங்கள் பழைய ஆயில் எஞ்சினை வைத்து இறைத்துத்தான் நாற்றைக் காப்பாற்ற வேண்டும். எஞ்சின் டீசலில் ஓடுவது.

புரிகிறதா? குவைத்துக்கும் எங்கள் நாற்றங்காலுக்கும் நேர் வழி இருந்தது. அது என் ஒருவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.

ரகசியமாகச் செயலில் இறங்கினேன். அஞ்சு லிட்டர் கேன் பத்து. ஒரே பெட்ரோல் பங்கில் வாங்கினால் சந்தேகம் வரும் என்று நாகப்பட்டினத்தில் ஒன்று, திருத்துறைப்பூண்டியில் ஒன்று, இடையில் ஒன்று என்று சைக்கிளில் அலைந்து சேர்த்தேன். (தேர்வு அப்ளிகேஷன் போட என்று அம்மாவிடம் வாங்கிய பணம். அந்தப் பரீட்சைகளில் நான் தேறாததற்கு எழுதாததும் ஒரு காரணம்.) வீட்டில் அம்மாவின் விறகடுப்பு இருந்ததால் அங்கே வைப்பது ஆபத்து. தீர யோசித்து, ஒரு பாதுகாப்பு நிபுணனுக்கே உரிய கூர்மையோடு, பத்து கேனையும் எங்கள் களத்தில் இருந்த வைக்கோல் போருக்குள் சொருகி வைத்தேன்.

ஆமாம். வைக்கோலுக்குள் டீசல். நெருப்புக்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை நெருப்பே யோசித்திருக்காது.

ஒரு கேனின் மூடி சரியில்லை. முதலில் கண்டுபிடித்தது எங்கள் செவலைப் பசு. வைக்கோலை மோந்து பார்த்துவிட்டு, தலையைத் திருப்பி என்னையே உற்றுப் பார்த்தது. மூன்று நாள் அந்த வைக்கோலை அது தொடவில்லை.

"யாரு கண்ணு பட்டுச்சோ" என்றாள் அம்மா. நாலாம் நாள் ஒரு தட்டில் மிளகாயும் உப்பும் கற்பூரமும் நெருப்புப் பெட்டியும் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனாள். "மாட்டுக்கும் போருக்கும் சேத்தே சுத்திப் போட்டுடறேன்."

நான் பாய்ந்து தட்டைப் பிடுங்கினேன். "அம்மா! நெருப்பு வேணாம்!"

"ஏண்டா?"

என்ன சொல்வது? "இதெல்லாம் மூடநம்பிக்கைம்மா. நான் பகுத்தறிவுவாதி."

அப்பா கன்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "போன மாசம் பரீட்சைக்குப் போறப்ப நெத்தி முழுக்கத் திருநீறு பூசிக்கிட்டுப் போனான். திடீர்னு கட்சியில சேந்துட்டான் போலிருக்கு."

என் ஜோசியம் இதற்குள் பலித்துவிட்டது. பங்குகளில் 'டீசல் இல்லை' என்று சிலேட்டு தொங்கியது. உடனே எடுத்து நீட்டியிருக்கலாம். ஆனால் எனக்கு அது போதவில்லை. நாற்று நன்றாக வாட வேண்டும், ஊரே கை பிசைய வேண்டும், அப்போது நான் கேனோடு தோன்ற வேண்டும், சாமிநாதன் பெஞ்சைத் துடைத்துவிட வேண்டும். இப்படி ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டு நாற்றங்கால் வெடிப்பதை வேடிக்கை பார்த்தேன். (இன்று நினைத்தாலும் என்னை நானே இரண்டு அறை அறையலாம் போலிருக்கிறது.)

நான் தோன்றுவதற்குள் கோதண்டம் தோன்றிவிட்டார். பண்ணை மாடுகளுக்கு வருஷத்துக்கு ஒரு வண்டி வைக்கோல் எங்கள் போரிலிருந்து கொடுப்பது வழக்கம். அவரே வண்டியோடு வந்து நின்று, போரைப் பிடுங்கச் சொன்னார். மூன்றாவது பிடுங்கலில் ஒரு கேன் உருண்டு வந்து அவர் செருப்பில் இடித்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

கோதண்டம் மூடியைத் திறந்து மோந்தார். அவர் முகத்தில் தீபாவளி.

"அக்கரைக்குப் போற சரக்கா தம்பி?"

அந்தக் காலத்தில் எங்கள் கடற்கரையிலிருந்து இலங்கைப் பக்கம் டீசல் கடத்துகிறார்கள் என்று போலீஸ் தூங்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. உலகத்தின் அத்தனை நெருக்கடியையும் அலசிய நான், பத்து மைலில் இருந்த இந்த நெருக்கடியை மட்டும் கணக்கில் எடுக்க மறந்துவிட்டேன். கோதண்டம் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் களத்தில் ஜீப். எஸ்.ஐ.யும் ஒரு ஏட்டும் இறங்கினார்கள். பின்னால் ஊரே வந்தது. சாமிநாதன் அடுப்பைக் கூட அணைக்காமல் வந்திருந்தார்.

நான் எங்கே போனாலும் கையோடு கொண்டுபோகும் குறிப்பு நோட்டை எஸ்.ஐ. வாங்கிப் பிரித்தார். முதல் பக்கத்திலேயே நான் வரைந்த படம்.

"இது வேதாரண்யம் கடற்கரைதானே? இந்த மூக்கு கோடியக்கரை?"

"இல்ல சார். பாரசீக வளைகுடா." (சித்திரத்தில் நான் எப்போதும் பலவீனம்.)

"இந்த அம்புக்குறி எல்லாம்?"

"கப்பல் போற வழி சார்."

"கப்பல்ல என்ன?"

"எண்ணெய் சார்."

"யாருக்குப் போவுது?"

"முக்கியமா அமெரிக்கா, ஜப்பான் சார்."

ஏட்டு எஸ்.ஐ.யின் காதோரம் குனிந்தார். "ஐயா, பெரிய கும்பல் போலிருக்கு."

நான் விளக்க ஆரம்பித்தேன். கச்சா எண்ணெய், அந்நியச் செலாவணி, வல்லரசுகளின் உள்நோக்கம், எல்லாம். எனக்குக் கிடைத்த முதல் அரசாங்க சபை அது, விட மனசில்லை. எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். கடைசியில், "தம்பி, ஒன்ன உள்ள வெச்சா அங்க இருக்கறவனுங்க பாவம். ஒங்கப்பா எங்க?" என்றார்.

அப்பா வரப்பில் வந்துகொண்டிருந்தார். டீசலுக்காகத் திருத்துறைப்பூண்டி வரை நடந்துவிட்டு வெறும் டின்னோடு திரும்புகிறார். களத்தில் வரிசையாக நின்ற பத்து கேனையும் பார்த்தார். அவர் கண்ணில் அவ்வளவு பாசத்தை நான் பார்த்ததில்லை. (கேனைப் பார்த்த பார்வைதான். என் பக்கம் திரும்பவே இல்லை.)

"ஐயா, இது எதுக்குன்னு நான் காட்டறேன், வாங்க" என்றார். ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எஸ்.ஐ., ஏட்டு, கோதண்டம், ஊர், செவலை எல்லோரும் பின்னால் போனோம். வெடித்துக் கிடந்த நாற்றங்காலைக் கையால் காட்டினார். எஞ்சினில் டீசலை ஊற்றி, கைப்பிடியைச் சுற்றினார். இரண்டு தும்மல், ஒரு கருப்புப் புகை, அப்புறம் தடதடவென்று ஓடியது. குழாயில் தண்ணீர் குபுக்கென்று கொட்டி வெடிப்புக்குள் இறங்கியது.

எஸ்.ஐ. சற்று நேரம் தண்ணீரையே பார்த்தார். "எங்க சீர்காழிப் பக்கமும் நாத்து இப்படித்தான் காயுது" என்றார் மெதுவாக.

கோதண்டத்துக்குப் பொறுக்கவில்லை. "சார், பதுக்கல் பதுக்கல்தான். எழுதிடணும்!"

"எழுதத்தான் போறோம். ஏட்டு, பார்வை மகஜர் போடுங்க. எங்க, யாரு எடத்துல, என்ன இருந்துச்சுன்னு எல்லாம் வரணும். இவருதான் மொத சாட்சி."

ஏட்டு வரப்பில் உட்கார்ந்து, கார்பன் வைத்து எழுதத் தொடங்கினார். "நெலம் யாரோடது?"

"எங்க பண்ணையோடது" என்றார் கோதண்டம், நெஞ்சை நிமிர்த்தி.

ஏட்டு பேனாவை நிறுத்தினார். "அப்ப களமும் போரும் பண்ணையோடதா? உள்ள இருந்த டீசலும் பண்ணையோடதா?"

கோதண்டத்தின் நெஞ்சு உள்ளே போனது. "ஐயையோ, இல்லீங்க! நெலம் மட்டுந்தான் பண்ணை. முப்பது வருஷமா சாகுபடி பண்றதெல்லாம் இந்த நடேசன்தான். களம், போரு, டீசலு, இந்தப் பய, எல்லாமே அவனோடது! ஊரையே கேளுங்க!"

"ஆமாங்க, ஆமாங்க" என்றது ஊர், சந்தோஷமாக.

ஏட்டு எழுதினார். கோதண்டம் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். அவசரத்தில் இரண்டு இடத்தில். சாமிநாதன் இரண்டாம் சாட்சி. வழக்கு வேண்டாம், மொத்த டீசலும் இந்த வயலிலேயே செலவாக வேண்டும், அதை ஏட்டு கூட இருந்து பார்க்க வேண்டும் என்று எஸ்.ஐ. முடித்துவிட்டார்.

நான் தப்பித்த மகிழ்ச்சியில் ஏட்டிடம் உலக எண்ணெய் விலையைப் பற்றிப் பேசப் போனேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"அந்தக் காகிதத்த படி."

படித்தேன்.

"ரெண்டாவது வரிய இன்னொரு தடவ படி. சத்தமா."

"'மேற்படி நடேசன் முப்பது ஆண்டுகளாகச் சாகுபடி செய்துவரும் நிலத்தில்...'"

எம்.ஏ. படித்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவுக்குக் கோதண்டம் வாயைத் திறந்தபோதே உறைத்திருக்கிறது. அவர் எஸ்.ஐ.யைப் பார்த்துக் கும்பிட்டார். "ஐயா, அதுல ஒரு காப்பி எனக்குக் குடுப்பீங்களா?"

எஸ்.ஐ. கோதண்டத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ நகர்ந்தது. "குடுங்க ஏட்டு. சீல் வெச்சே குடுங்க."

அடுத்த பத்து நாள் எங்கள் எஞ்சின் போலீஸ் பந்தோபஸ்தோடு ஓடியது. தமிழ்நாட்டில் வேறு எந்த நாற்றுக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்காது. இரண்டாம் நாளே ஏட்டு சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டு மடை திருப்ப இறங்கினார். பக்கத்து வயல்களுக்கும் ஒரு சுற்று பாய்ந்தது. 'இந்த வயல்' எதுவரைக்கும் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கடைசி கேன் காலியான மறுநாள் ஆற்றில் தண்ணீர் வந்தது. நடவு முடிந்தது. டீசல் இல்லாமல் பண்ணையின் சொந்த நாற்றங்கால் கருகிப் போயிருந்தது. கோதண்டம் எங்கள் வாசலில் வந்து நின்று, மீந்த நாற்று கிடைக்குமா என்று கேட்டார்.

"குடுங்க" என்றாள் அம்மா. "ஆனா நல்லா மோந்து பாத்து எடுத்துக்கச் சொல்லுங்க. அப்புறம் ஸ்டேஷனுக்குப் போயிடப் போறாரு."

தாலுகா ஆபீஸில் மகஜர் காப்பியை வைத்தோம். கையெழுத்து தன்னுடையது இல்லை என்று கோதண்டம் வாதாடிப் பார்த்தார். "புகாரும் நீங்கதானே குடுத்தீங்க?" என்று கேட்டார்கள். அப்பா பெயர் பதிவேட்டில் ஏறியது. அன்று சாமிநாதன் எனக்காகப் பெஞ்சைத் துடைத்துவிட்டார், நிஜமாகவே.

அந்த நாளிலிருந்து ஊரில் என் பெயர் குவைத்து. இன்றுவரை நான் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. விசா கேட்டு இரண்டு ஊர் தள்ளியிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருக்கிறார்கள். பெண் பார்க்கப் போனபோது தரகர், "மாப்பிள்ளைய ஊர்ல குவைத்துன்னுதான் கூப்பிடுவாங்க" என்று உண்மையை மட்டும் சொன்னார். கல்யாணம் ஆகி ஒரு வாரம் கழித்து என் மனைவி, "அந்த செண்டு பாட்டிலெல்லாம் எந்தப் பெட்டியில இருக்கு?" என்று கேட்டாள்.

மகஜர் இப்போது எங்கள் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அப்பாவுக்குப் பிடித்தது அதன் இரண்டாவது வரி. பேரப்பிள்ளைகள் வரை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருப்பது கடைசி வரி. டி.வி.யில் எங்காவது சண்டைச் செய்தி வந்து, நான் விளக்கம் சொல்லத் தொண்டையைச் செருமினால் போதும், யாராவது ஒருவர் எழுந்து நின்று, ஏட்டின் குரலில் அதை ஒப்பிப்பார்:

"விசாரித்த வகையில், மேற்படி நபர் ஓயாமல் பேசக்கூடியவர் என்பது தவிர, அவரால் நாட்டுக்கு ஆபத்து எதுவும் இல்லை."