அறுபது பேருக்கு சர்வர் எடுத்த வேல்ராஜ்

வாழ்க வேல்ராஜ்! சங்கரன்கோவில் பூச்சந்தையின் மல்லிகை மணக்கும் மாவீரன், பிச்சிக் குவியலைப் பார்வையாலேயே நிறுக்கும் தராசுக்கண்ணன், தங்கை விஜிதாவும் கடையாட்கள் அறுவரும் துணைவர, கணினி விளையாட்டில் கட்டைமேல் கட்டை அடுக்கி வான்முட்டும் கோபுரம் எழுப்பிய பெருந்தச்சன்! அவன் புகழைப் பாடி முடிக்கும்வரை எனக்குச் சிரிப்பு வராதிருக்கக் கலைமகள் காப்பாளாக!

அக்கோபுரம் நின்றது மண்ணிலன்று, ஒரு கம்பெனி இணையத்தில் மாத வாடகைக்கு விட்ட சர்வர் என்னும் கணினியில். "முகூர்த்த நாளில் கூட்டம் அலைமோதும், எடுங்கள் அறுபது பேருக்கு!" என்று வியாபார ஞானம் ததும்ப முழங்கிய அவ்வள்ளல், முதல் மாதச் சலுகையாம் அறுநூறு ரூபாயைக் கண்டு களித்து, அதனடியில் எறும்பெழுத்தில் கிடந்த அடுத்த மாத விலையைக் காணாமலே பணம் கட்டினான்.

முப்பதாம் நாள் வந்தது ஓலை! இரண்டாயிரத்து நானூறு, வரி தனி. மாலை ஆறுக்குள் கட்டாவிடில் கோபுரம் அழியும். சினந்தெழுந்த வேல்ராஜ் கம்பெனியின் அரட்டைப் பெட்டிக்குள் புகுந்து பேரக்கணைகளை மழையெனப் பொழிந்தான். எதிர்நின்ற எந்திரமோ ஒவ்வொரு கணைக்கும் "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்னும் ஒரே கேடயத்தை நீட்டியது. சாயங்காலமானால் பூ விலை இறங்குமே, அப்படி இதுவும் இறங்கும் என்று காத்திருந்தான். இறங்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு அம்மாவீரனின் கண் கலங்கிவிட்டது, பாவம்.

அக்கணம் களம்புகுந்தாள் கணக்கில் புலியாம் விஜிதா. யார் யார் எந்நாள் விளையாடினர் என்னும் பட்டியலைத் திறந்தாள். எந்நாளும் எட்டுப் பேருக்கு மேல் இல்லை. முகூர்த்த நாள்களிலோ ஓர் ஈ, காக்கைகூட இல்லை.

"ஏண்ணே, முகூர்த்தத்தன்னைக்கு எவன் விளையாட வருதான்? எட்டுப் பேரும் உன் கடையிலதான பூ நிறுத்துக்கிட்டுக் கிடக்கோம்" என்றாள்.

அச்சொல் பட்டு, ஆளில்லாத ஐம்பத்திரண்டு இடங்களும் ஒருசேரச் சாய்ந்தன! வரியும் உட்பட நானூறு ரூபாயில் முடியும் பத்துப் பேர் திட்டத்திற்கு ஐந்து ஐம்பத்தெட்டுக்கு மாற்றினாள். ஒரு கட்டையும் உதிராமல் நின்றது கோபுரம். ஆர்த்தனர் அறுவர், ஆனந்தக் கூத்தாடினான் அண்ணன், வானவர் பூமாரி பொழிந்திருப்பர், அன்று பூ விலை மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தால்!

ஆளுக்கு ஐம்பது ரூபாய் ஆனது. வேல்ராஜ் பங்கை விஜிதாதான் கட்டினாள்.