நாற்பது பேரும் ஒரு மோதிர விரலும்

அம்மாவின் மோதிர விரல் 'டக்' என்று சத்தம் போட்ட காலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர் கையை விரித்தார். நாலு விரல் விரிந்தன. மோதிர விரல் மட்டும் மடங்கியபடியே நின்றது. மற்றக் கையால் அதைப் பிடித்து இழுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி பிசைந்தார்.

ஒரு படிப்பை முழுதாக முடித்தவர்களால் ஊருக்கு அவ்வளவு ஆபத்தில்லை. மூன்று வகுப்பு மட்டும் போனவர்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான் அப்போது ஹட்டனில் தாதி உதவியாளர் பயிற்சிக்கு மூன்று வகுப்பு போயிருந்தேன்.

"அம்மா, இது ட்ரிகர் ஃபிங்கர். விரலை இழுக்குற நரம்பு வீங்கி, அதோட உறையில மாட்டிக்குது. ஓயாம கொழுந்து பறிக்கிறதால வாறது." (நரம்பு இல்லை, தசைநாண். அது நாலாவது வகுப்பில் சொன்னார்கள்.)

"எத்தன நாளா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு வாரம் இருக்கும்."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போனா ஒரு பேர் போயிரும்," என்றார் அம்மா. எங்கள் பக்கத்தில் ஒருநாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்று சொல்வார்கள். அதை இழக்க அம்மா தயாரில்லை.

அப்படியானால் வைத்தியம் வேலைநேரத்துக்கு முன்பே நடக்க வேண்டும். வீட்டில் செய்யச் சொன்னால் செய்யமாட்டார். (விரலை விரித்துப் பழக நான் கொடுத்த ரப்பர் பட்டி அடுத்தநாள் சோற்றுப் பெட்டியைச் சுற்றியிருந்தது.) எல்லோரும் சேர்ந்து செய்தால் அம்மாவும் தப்ப முடியாது. ஆகவே இடம், பெரட்டுக்களம். காலையில் வேலை பிரித்துக் கொடுப்பதற்காக எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசன் முழுவதும் கூடி நிற்கிற இடம்.

ராமையா கங்காணியிடம் ஐந்து நிமிடம் கேட்டேன். "கண்டாக்கையா வாறதுக்குள்ள முடிச்சிரு," என்றார். (கங்காணிக்கு மேலே வெளிவேலை அதிகாரியான கண்டாக்கையா, அவருக்கு மேலே தோட்ட நிர்வாகியான பெரிய தொரை.)

திங்கட்கிழமை காலை. பின்வரிசை முகம் தெரியாதபடி தலைமட்டத்துக்குப் பனி. இடுப்பில் படங்கு என்கிற சாக்குத் துணி கட்டி, முதுகில் கூடையோடு நாற்பது பேர். நான் தராசு வைக்கிற மேடையில் ஏறினேன். விரல் நலம் பற்றி நான் எழுதிக்கொண்டுபோன உரையின் இரண்டாவது வரியிலேயே பக்கத்து வீட்டுப் புஷ்பமக்கா குறுக்கிட்டார்.

"பாப்பா, பேச்சு வேணாம். குளிருக்கு ஏதாவது செய்யச் சொல்லு."

"அப்ப எல்லாரும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க. இறுக்கி மூடுங்க. திறங்க. எண்ணிக்கிட்டே செய்யணும்."

"கேக்கல," என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். ஆகவே நான் உரக்க எண்ணினேன். அவர்கள் அதைவிட உரக்கத் திருப்பிச் சொன்னார்கள். 'மூணு' வரும்போது உடம்பு சூடேறிவிட்டது. 'ஏழு' வரும்போது அம்மாவே சிரித்துக்கொண்டு செய்தார். நான் இன்னும் உரக்க எண்ணினேன்.

அந்த நேரம் மேல் ரோட்டில் பெரிய தொரையின் ஜீப் வந்து நின்றது. அங்கிருந்து அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பனிக்கு மேலே எண்பது முஷ்டிகள். கீழிருந்து ஒரே குரலில் கோஷம். ஜீப் ஒரு நிமிடம் நின்றது. பிறகு வளைவு வரை பின்னோக்கியே போனது. (வழி விடுகிறார், நல்ல மனிதர் என்று நினைத்தேன்.)

சற்று நேரத்தில், யாரோ ஃபோனில் எழுப்பிவிட, தொழிற்சங்கத் தலைவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். தலையில் குல்லா, ஒரு காலில் மட்டும் சப்பாத்து.

"யாரு இத ஆரம்பிச்சது? என்னைய ஒரு வார்த்த கேக்காம?"

"நான்தான் தலைவரே," என்றேன் அடக்கமாக.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேடையில் ஏறி என் பக்கத்தில் நின்று முஷ்டியை உயர்த்தினார். "யாரும் கலைஞ்சி போகக் கூடாது." பத்து நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார். நடுவில் என் பக்கம் குனிந்து, "கோரிக்கை என்ன பாப்பா?" என்றார்.

"விரல் வலி, தலைவரே."

"அது சரி. அதுக்கு மேல?"

"அதுக்கு மேல மணிக்கட்டு."

தலைவர் குல்லாவைக் கழற்றினார். ஆனால் அதற்குள் கண்டாக்கையா ஓடிவந்து, தொரை பேச்சுவார்த்தைக்குத் தயார், மூன்று பேர் ஆபீசுக்கு வரலாம் என்றார். இனித் திரும்ப முடியாது. தலைவரும் நானும் போனோம். மூன்றாவது ஆளாக எல்லோரும் அம்மாவைத் தள்ளிவிட்டார்கள். விரல் அவருடையதுதானே.

தொரை என்னையும் தலைவரையும் பார்க்கவில்லை. "கையக் காட்டுங்க," என்றார் அம்மாவிடம்.

அம்மா கையை மூடித் திறந்தார். மோதிர விரல் வரவில்லை. இழுத்தார். 'டக்'. அந்த அமைதியில் அது மேசையில் தட்டிய மாதிரிக் கேட்டது.

"எத்தன நாளா?"

அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார், "தீபாவளிக்கு முந்தியிருந்துங்க."

நாங்கள் நின்றது சித்திரை மாதம்.

தொரை ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி, அம்மாவுக்கு அன்றைய பேரையும் போடச் சொன்னார். மற்றவர்களுக்கு, வழக்கமான கொழுந்தைச் சாயந்திரத்துக்குள் முடித்தால் முழுப்பேர் என்றார். போன இரண்டு மணித்தியாலத்தைப் பிடிக்க அவர்கள் மலையில் பறந்தார்கள். அன்றுவரை டிவிசனில் ஒருவருக்குத்தான் விரல் வலி. சாயந்திரம் நாற்பது பேருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டாக்டர் அம்மா விரலைத் தடவிப் பார்த்து, சீனி வியாதி இருக்கிறதா என்று இரத்தமும் எடுத்தார். விரலின் அடியில் ஓர் ஊசி. வெந்நீரில் கை வைக்க வேண்டும், சில நாள் ஓய்வு. ஊசியில் சரிவராவிட்டால் ஒரு சின்ன வெட்டு.

"இறுக்கி மூடி மூடித் திறக்கக் கூடாது, ஹரித, விளங்குதா? அது சரியில்லை. யார் சொன்னது அப்படிச் செய்ய?"

அம்மா அந்த விரலை என் பக்கம் நீட்டினார். அது அப்போதும் பாதி மடங்கித்தான் இருந்தது.

இப்போது நேராகிவிட்டது. மாவு பிசையும்போது சத்தமில்லை. நான் மட்டும் இன்னும் காதைக் கொடுத்துக் கேட்கிறேன். எங்கள் வீட்டில் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு யாராவது கையைத் தூக்கினால், "கோரிக்கை என்ன?" என்று அம்மா கேட்பார். லயத்து வரிசை வீடுகள் முழுக்க இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

பயிற்சியில் நான் பதினோராவது வகுப்புக்கு வந்துவிட்டேன். பாடம், முழங்கால். அப்பா தேயிலைத் தொழிற்சாலைப் படியில் ஏறும்போது ஒரு கையால் சுவரைப் பிடிப்பதைக் கவனித்து வைத்திருக்கிறேன். (நான் பார்க்கும்போது மட்டும் நேராக நடக்கிறார்.) முதலில் எத்தனை நாளாக என்று அம்மாவிடம் விசாரிப்பேன். அப்பாவிடம் கேட்டுப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு ஆரம்பிக்கிறோம்.

முன்னெச்சரிக்கையாகத் தலைவருக்கும் சொல்லிவிட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எத்தன மணிக்குப் பாப்பா?" என்றார். அவருக்கும் முழங்கால் வலியாம்.