ஐந்தரை ஏக்கருக்கு ஒரு டிரைவ்

1979 ஜூலையில் கேம்பல் பே நில அலுவலகம் நவீனமயமாக்கப்பட்டது. அந்த விவரம் பொதுமக்களின் மேலான கவனத்துக்காக முன்கதவில் ஒட்டப்பட்டிருந்தது. கதவு பூட்டியிருந்தது.

முன்னாள் ஹவில்தார் திருநாவுக்கரசு பின்கதவு வழியாக உள்ளே போனார். ராணுவத்திலிருந்து விலகியபின் அரசு ஆளுக்குப் பதினோரு ஏக்கர் கொடுத்து இந்தத் தீவில் குடியேற்றிய நாற்பது குடும்பங்களில் அவருடையதும் ஒன்று; அந்தப் பதினோரு ஏக்கருக்குச் சான்று வேண்டும். வருஷக் கடைசிக்குள் சான்று காட்டாத நிலம், அடுத்து வரும் குடும்பங்களுக்குப் போய்விடும் என்று உத்தரவு. காட்டை வெட்டி அவர் வைத்த தென்னைகள் இந்த வருஷம்தான் முதல் பாளை விட்டிருந்தன.

கிளார்க் கிருஷ்ணமூர்த்தி நிலப் பேரேட்டுக்கு அரக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்.

"பேரேடு மூடியாச்சு ஹவில்தார். இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்."

"அது எங்கே சார்?"

கிருஷ்ணமூர்த்தி அலமாரியைத் திறந்தார். பூஞ்சணம் பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு குண்டு பல்பு எரிந்தது. அதனடியில் டிபன் பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி. முகத்தில் நீளமாக ஒரு கீறல்.

"இது பிளாப்பி டிரைவ். கறுப்பா ஒரு தட்டு இருக்கு. அதை இந்தக் கீறல்ல சொருகினா, தட்டுல இருக்கிறதை இது கம்ப்யூட்டருக்குப் படிச்சுச் சொல்லும்."

"கம்ப்யூட்டர் எங்கே?"

"வரும்."

அதிகாரி ஜெகநாதன் மெட்ராஸில் ஒரு டாக்டர் வீட்டுக்குப் போனபோது, வெளிநாட்டிலிருந்து வந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு குழந்தை விளையாடுவதைப் பார்த்தார். குழந்தையால் முடிந்தது தம் அலுவலகத்தாலும் முடியும் என்று துணிந்து மேலே எழுதினார். கம்ப்யூட்டருக்குப் பதினான்கு கையெழுத்து தேவைப்பட்டது. டிரைவ் என்றால் என்னவென்று எவருக்கும் தெரியாததால், அது 'இதர சாமான்' என்று ஒரே கையெழுத்தில் கப்பலேறிவிட்டது.

திருநாவுக்கரசு அதிகாரியின் அறைக்குப் போனார்.

"சாஹிப், என் நிலம் போயிடும்."

"கம்ப்யூட்டர் என்பது இரண்டு பெட்டி, ஹவில்தார். ஒன்று வந்துவிட்டது. ஆகவே இந்த அலுவலகம் பாதி செயல்படுவதாக அறிக்கை அனுப்பியிருக்கிறேன். பாதி செயல்படும் அலுவலகம் முழு நிலத்துக்குச் சான்று கொடுத்தால் அது மோசடி."

பேனாவை எடுத்து ஐந்தரை ஏக்கருக்குச் சான்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி ருக்கு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மிச்சம்?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு. கம்ப்யூட்டர் இன்னும் வரல."

"கோடு எப்படிப் போகுது?"

"அடுப்படி நம்ம பக்கம். கிணறு அந்தப் பக்கம்."

"எல்லையைக் காத்தேன், எல்லையைக் காத்தேன்னு சொல்வீங்களே. இப்ப அது வீட்டுக்குள்ளேயே வந்துடுச்சு. போய்க் காவல் நில்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை நாற்பது குடும்பமும் சேக் தாவூத் கடையில் கூடியது. ஊருக்கு மனு எழுதுவது அவர்தான்.

"அந்தப் பெட்டியைத் தூக்கிப்போட்டுட்டுப் பேரேட்டைத் திறக்கணும்னு எழுதுங்க பாய்," என்றார் திருநாவுக்கரசு.

சேக் தாவூத் பேனாவைக் கீழே வைத்தார். "மூடினதைத் திறக்கச் சொன்னா, யார் மூடச் சொன்னாங்கன்னு விசாரணை வரும். மெயின்லேண்டுக்குப் போய்த் திரும்ப ரெண்டு வருஷம். ஒரு டிரைவ் பாதின்னுதானே சொல்றாங்க? இன்னொரு டிரைவ் கேப்போம். பாதியும் பாதியும் ஒண்ணு. ஒரே கையெழுத்துல வந்துடும்."

எழுதப் படிக்கத் தெரிந்த மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று திருநாவுக்கரசுக்குத் தோன்றியது. முதல் கையெழுத்தை அவரே போட்டார்.

டிசம்பர்க் கப்பலில் இரண்டாவது டிரைவ் வந்தது. கப்பல்துறையில் மேளம் கொட்டி வாங்கினார்கள். அதை முதலாவதின் பக்கத்தில், பல்புக்கு அடியில் வைத்தார்கள். அலுவலகம் முழுமையாகச் செயல்படுவதாக ஜெகநாதன் அறிக்கை அனுப்பினார். நாற்பது குடும்பத்துக்கும் பதினோரு ஏக்கருக்கான சான்று, கையால் எழுதி, வழங்கப்பட்டது.

பிப்ரவரியில் கம்ப்யூட்டர் வந்தது.

ஜெகநாதன் முகம் வெளுத்துவிட்டது. கிருஷ்ணமூர்த்தி காகிதத்தில் கூட்டிப் பார்த்தார். "சார், இதையும் சேர்த்தா நாம ஒன்றரை செயல்படுறோம். ஆளுக்குப் பதினாறரை ஏக்கர் கொடுக்கணும், அவ்வளவு தரை தீவுல இல்ல. இல்லேன்னா எல்லாச் சான்றையும் வாங்கி வச்சுக்கிட்டு, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

விஷயம் ஊரில் பரவியது. அரை மணியில் நாற்பது குடும்பமும் வாசலில் நின்றது. பள்ளிக்கூடத்து ஜெயமணி டீச்சரும் வந்திருந்தார். அவருக்கு நிலம் கிடையாது.

"ஒரு தடவை மூணையும் சேர்த்து மாட்டிப் பாருங்களேன் சார்," என்றார் டீச்சர். "இது இல்லாம அந்த ரெண்டும் வெறும் பெட்டிதானே?"

எல்லோரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சரம்மா," என்றார் திருநாவுக்கரசு பொறுமையாக, "இதெல்லாம் விஞ்ஞானம். தெரியாத விஷயத்துல பேசக் கூடாது."

'தேவைக்கு மேற்பட்டது' என்று சீட்டு ஒட்டப்பட்ட கம்ப்யூட்டரை அவரே தோளில் ஏற்றினார். வழியில் எங்கும் இறக்கி வைக்காமல் கப்பல்துறைவரை சுமந்துபோய்க் கப்பலில் சேர்த்தார். அது கண்ணுக்கு மறையும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.