சும்மா டாக்டருக்குக் கொடுத்த ரூம்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அடுத்தவன் கழனியில் நாற்றுக் கட்டு சுமந்த குடும்பம். இன்று காஞ்சிபுரத்தில் ஒரு லாட்ஜ், ஒரு கல்யாண மண்டபம், அதன் கீழே வரிசையாகக் கடைகள், எல்லாம் நான் கட்டியவை. பாங்கில் சிரித்தார்கள், கட்டினேன். ஜல்லி லாரி கவிழ்ந்தது, கட்டினேன். ஒரே ஒரு மனிதரைத்தான் என்னால் தூக்கி நிறுத்த முடியவில்லை. தேடி வந்த வியாபாரத்தை விரட்டுவதில் அவரை மிஞ்ச இந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது.

மண்டபத்தின் கீழே கடைசி ரூம் அவருக்கு. ஓரிடத்தில் உட்காராத, கவனம் நிற்காத பிள்ளைகளுக்கு ஆஸ்டியோபதி என்று ஒரு கைவைத்தியம். நெட்டி முறிப்பாரா, எண்ணெய் தேய்ப்பாரா? கிடையாது. பிள்ளையின் தலைக்கடியில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். ஊர் 'சும்மா டாக்டர்' என்று பேர் வைத்தது.

கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர் உதைத்தால் சுளுக்கு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இவரும் அந்த வகைதான் என்று முடிவுகட்டி, தறிக்குழியில் உட்கார்ந்து நெய்தே இடுப்பு பிடித்துக்கொண்ட பெரியவர்கள் வாசலில் வந்து முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார்கள்.

"ஒரே ஒரு ஒதை வுடுப்பா!"

"ஐயோ, நான் யாரையும் உதைக்கறது இல்லீங்க."

"வெக்கப்படாத. நீ காலை மட்டும் தூக்கு, நானே பின்னாடி வந்து இடிச்சிக்கினு போறேன்."

நான் அவரைப் பிடித்துக்கொண்டது என் பேத்தி யாழினிக்காக. வகுப்பில் பெஞ்சைத் தவிர எல்லா இடத்திலும் இருப்பாள். சென்னை டாக்டர் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்குள் தலைமை ஆசிரியை, "வேற ஸ்கூல் பாத்துக்கோங்க" என்றுவிட்டார்.

முதல் நாள் சும்மா டாக்டர் மேசையில் படுக்கச் சொன்னார். இவள் ஜன்னல் கம்பியில் தொங்கினாள். அவர் பேசாமல் தரையில் படுத்துக்கொண்டார். "இன்னா அங்கிள், தூங்கறியா?" என்று இவளும் இறங்கிவந்து பக்கத்தில் படுத்தாள். மேலே மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்குகிறது. கீழே இவள் அவர் கையில் தலையை வைத்துக் கண்மூடிக் கிடக்கிறாள்!

சில வாரங்கள் போனதும் அவரைக் காரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் போனேன். "கொழந்தைக்கு சரியாப் பூட்ச்சும்மா. இவரையே கேளுங்க."

மகானுபாவர் வாய் திறந்தார். "இல்லீங்க மேடம். என் கையால சரியாப்போச்சுன்னு சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் அமைதியா இருக்கா, அவ்ளோதான். மாத்திரையை நிறுத்தக் கூடாது. நீங்க முன் பெஞ்சுல உட்கார வைங்க, நடுவுல எழுந்து நடக்க விடுங்க."

மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

"சார், அது என் கால்" என்றார் சத்தமாக.

தலைமை ஆசிரியை சிரித்துவிட்டார். யாழினி அங்கேயே படிக்கிறாள். எழுந்து நடக்க வேண்டும்போல் இருந்தால் சாக்பீஸ் எடுத்துவர அனுப்புகிறார்களாம்.

ஆனால் பேச்சு பரவிவிட்டது. 'அவரே சரியாவாதுன்னு சொல்ட்டாராமே' என்று தாய்மார்கள் வருவதை நிறுத்தினார்கள்.

"யோவ் டாக்டரு, ஒரு பொய் சொன்னா இன்னாய்யா?"

"அத நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திட்டா, சார்?"

ஒரு நாள் மேசையை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். பேத்தி இன்றும் மண்டபத்துக்கு வந்தால் அந்த ரூம் வாசலில் போய்ப் படுக்கிறாள். என்னால்தான் பார்க்க முடியவில்லை.

பள்ளி ஆண்டு விழாவில் யாழினி பேரைச் சொல்லி, சென்னை டாக்டருக்கு நன்றி, டீச்சருக்கு நன்றி என்றார்கள். சரி. ரூம் கொடுத்தவன் யார்? காரில் கூட்டிப்போனவன் யார்? முதலில் சும்மா டாக்டரைச் சொல்லுங்கள், அடுத்து என்னைச் சொல்லுங்கள். அந்த ரூமை நான் இன்னும் யாருக்கும் விடவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.